அருவி தைலம் ஆறுதல் பரிசு

விளம்பரம்னாலே அப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். காலையில தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினா, எழும்பூர்ல இறங்கற வரைக்கும் ஒரு நிமிஷம் சும்மா விடமாட்டாங்க. சானடோரியம் தாண்டினா ஒரு காம்பவுண்டு சுவர் முழுக்க பல்பொடி. குரோம்பேட்டையில பனியன். பல்லாவரத்துல கூந்தல் தைலம்; அந்தப் பொம்பளையோட முடி ஒரு சுவருல இடம் போதாம பக்கத்து வீட்டுச் சுவருக்கும் போயிருக்கும். சரி, வெளிய பார்க்கவே வேணாம்னு பெட்டிக்குள்ள திரும்பினா தலைக்கு மேல முகப் பவுடர். என் நிறம் மட்டு, என் பல் மஞ்சள், என் சடை எலிவால். இதையெல்லாம் என்கிட்ட யாரு சொன்னா? வீட்டுல யாரும் சொல்லலை. இவங்கதான் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை சொன்னாங்க.

நான் அப்ப பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம். மடியில பாட்டனி ரெக்கார்டு விரிச்சு வச்சிருந்தாலும் எழுத்துன்னு ஒண்ணு எதிர்ல இருந்தா கண்ணு அதைப் படிச்சுத் தொலைக்குது. என்கூட வர்ற அமலராணிக்கு இந்த எரிச்சலே கிடையாது, எல்லா விளம்பரத்தையும் ராகம் போட்டுப் பாடுவா. எந்த சோப்பு எந்தப் பத்திரிகையோட பின்னட்டையில வந்துச்சுன்னு கேட்டா தூக்கத்துலகூட சொல்லுவா. பூவுல எத்தனை பாகம்னு கேட்டா முழிப்பா. இவங்க சொல்றதைக் கேட்டா நாமெல்லாம் பிறந்ததுல இருந்து குளிச்சதே இல்லைன்னு ஆகுதுடின்னு நான் அவளைத் திட்டிக்கிட்டே வருவேன்.

அப்படிப்பட்ட நான், ஒரு தலைவலித் தைலத்தோட விளம்பரத்துக்காக காலேஜ் போற ட்ரெயினையே தவற விட்டேன்.

அறுபத்தெட்டு, ஜூலை மாசம். ஸ்டேஷன் வாசல்ல சேட்டுவோட டீக்கடை. அவரு ரேடியோவை சிலோனுக்குத் திருப்பி வச்சு ரோடு முழுக்க அலற விடுவாரு. நான் நேரமாச்சேன்னு ஓடிக்கிட்டிருக்கேன். பாட்டு ஒண்ணு முடிஞ்சுது. ஒரு ஆம்பளைக் குரல், "என்ன பாப்பா, படிச்சது போதுமே, தலை வலிக்குதா?"ன்னு கேட்டுச்சு.

கால் நின்னு போச்சு. அது எங்க அண்ணன்.

அதுக்குப் பதிலா எவளோ ஒரு பொண்ணு மூக்கால "ஆமாண்ணா"ன்னா. அப்புறம் அருவி தைலம்னாங்க, நொடியில் குளிர்ச்சின்னாங்க, முடிஞ்சுது. அடுத்த பாட்டு வந்துடுச்சு. நான் நடுரோட்டுல நிக்கறேன். சைக்கிள்காரன் ஒருத்தன், வூட்ல சொல்லிகினு வந்துட்டியான்னு திட்டிட்டுப் போனான். ட்ரெயின் கிளம்பற சத்தம் கேட்டுச்சு, எனக்கு உறைக்கலை.

அண்ணனைப் பத்திச் சொல்லணும். பேரு சுந்தர்சிங். எனக்கும் அவனுக்கும் நல்ல வயசு வித்தியாசம், என்னைத் தூக்கி வளர்த்தவன். எங்க அப்பா தேவானந்தம் தாம்பரத்துல ஒரு மிஷன் ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர். ஞாயித்துக்கிழமை ஆராதனையில அண்ணன் வேதபாடம் வாசிச்சா, அழற குழந்தையை வச்சிருக்கறவங்ககூட வெளிய எழுந்து போக மாட்டாங்க. அப்படி ஒரு குரல். அவனைப் போதகர் ஆக்கணும்னு அப்பா மனசுல வச்சிருந்தாரு. அவனோ ஒரு நாள் வந்து, பம்பாய்ல விளம்பரங்களுக்குத் தமிழ்ல குரல் கொடுக்கற வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னான்.

அப்பா சத்தம் போடற ஆள் இல்லை. கர்த்தர் கொடுத்த குரலை வச்சுக்கிட்டு கூலிக்குப் பொய் சொல்லப் போறியான்னு மட்டும் கேட்டாரு. எழுதிக் கொடுத்ததை வாசிக்கப் போறேன், நானாப்பா பொய் சொல்றேன்னான் அண்ணன். அதுதான் இன்னும் மோசம்னாரு அப்பா. அவன் அன்னிக்கே பெட்டியை எடுத்துட்டான்.

அன்னிக்கு சாயங்காலம் குடும்ப ஜெபம். அப்பா கண்ணை மூடிக்கிட்டு, மழைக்கும் ஸ்கூலுக்கும் நோயாளிகளுக்கும் ஜெபிச்சிட்டு, அதே குரல்ல, அவன் மனம் திரும்பற வரைக்கும் இந்த வீட்டுல இருந்து யாரும் அவனுக்குக் கடிதம் போடாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும்னும் சேர்த்துட்டாரு. ஜெபம் முடிஞ்சா ஆமென் சொல்லித்தானே பழக்கம்? அம்மாவும் நானும் சொல்லிட்டோம். வாயில இருந்து வெளிய வந்த பிறகுதான் எதுக்கு ஆமென் போட்டோம்னு புரிஞ்சுது. சத்தியம்னா ஏதாவது சாக்கு சொல்லித் தப்பிக்கலாம். எங்க வீட்டுல ஆமென்னுக்குச் சாக்கே கிடையாது. அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாங்க, நான் அம்மா மூஞ்சியைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

எங்க அம்மா ரத்தினபாய் லேசுப்பட்டவங்க இல்லை. மாதர் சங்கத்துல அவங்க பேசினா எதிர்ப்பேச்சு கிடையாது. ஆனா அந்த ஆமென்னுக்கு அப்புறம் அண்ணன் பேச்சையே எடுக்கலை. அவன் எழுதினதை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினாரு. கொஞ்ச நாள்ல அவனும் எழுதறதை விட்டுட்டான். மூணு வருஷம் ஓடிப்போச்சு.

மூணு வருஷம் கழிச்சு, டீக்கடையில இருந்து என்னை பாப்பாங்கறான். வீட்டுல என்னை அப்படித்தான் கூப்பிடுவான். ஊர்ல பாதிப் பேரு தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடறாங்கன்னு எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் பைத்தியம் இல்லை. ஆனா அன்னிக்கு அது என்னைத்தான் கூப்பிட்டுச்சு. அதுல எனக்குச் சந்தேகமே வரலை.

அப்புறம் தினம் காலையில அதே நேரத்துக்கு அங்க போய் நிப்பேன். காலேஜ் போற பொண்ணு டீக்கடை வாசல்ல சும்மா நின்னா ஊரு என்ன பேசும்? செருப்பு வார் அறுந்த மாதிரி குனிஞ்சு எதையாவது நோண்டிக்கிட்டிருப்பேன். ஒரு வாரம் பார்த்த சேட்டு, இன்னாம்மா, உன் செருப்பு டெய்லி என் கடையாண்டதான் அறுந்துகீதான்னு கேட்டாரு. வெக்கமா போச்சு. உண்மையைச் சொல்லிட்டேன், ரேடியோவுல பேசறது எங்க அண்ணன்னு. அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கலை. யாராவது ஸ்டேஷனை மாத்தச் சொன்னா மட்டும், தைலம் வந்துட்டுப் போவட்டும் இரு நைனான்னு அதட்டுவாரு.

உலகமே எப்படா விளம்பரம் முடியும், பாட்டு வரும்னு காத்திருக்கு. நான் எப்படா இந்தப் பாட்டு முடியும்னு நின்னேன். பதில் சொல்ற அந்தப் பொண்ணு மேல எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. மூக்கடைச்ச கழுதை. கேக்கறது என் அண்ணன், ஆமாண்ணா சொல்ல இவ யாரு? ட்ரெயின்ல ஏறி உக்காந்ததும் மனசுக்குள்ள நான் ஒழுங்கா பதில் சொல்லுவேன். தலை வலிக்கலைண்ணா, கெமிஸ்ட்ரிதான் மண்டையில ஏற மாட்டேங்குது, அம்மா சரியா சாப்பிடறதில்லை, நீ எப்ப வருவேன்னு கேப்பேன். மறுநாள் காலையில அவன் திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிப்பான், தலை வலிக்குதான்னு. எனக்கு ஏக்கம் தாங்காது. பல்லாவரம் சுவர் வந்து போனதுகூடத் தெரியாம உக்காந்திருப்பேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதே கம்பெனி பதினஞ்சு நிமிஷம் ஒரு பாட்டு நிகழ்ச்சி நடத்துதுன்னு சேட்டுதான் சொன்னாரு. நடத்தறது அண்ணன் குரலேதான். எங்க வீட்டு ரேடியோ செய்திக்கும் சுவிசேஷத்துக்கும் மட்டும்தான் வாய் திறக்கும், அது அப்பா சட்டம். ஆனா ஞாயிறு மத்தியானம் அப்பா சைக்கிள்ல செம்பாக்கம் போயிடுவாரு, அங்க ஏரிக்கரைப் பிள்ளைங்களுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்த. அம்மா கீழ உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லாம ரேடியோவைத் திருப்பினேன்.

குரல் வந்ததும் அம்மா கை அப்படியே நின்னுடுச்சு. பதினஞ்சு நிமிஷமும் அசையலை. முடிஞ்சதும் நான் ரேடியோவைப் பழையபடி செய்திக்குத் திருப்பி வச்சேன். அம்மா, இளைச்சிருக்கான்னாங்க. குரல்ல எப்படிம்மா இளைச்சது தெரியும்னு நான் சண்டைக்குப் போனேன். உனக்கு என்னடி தெரியும்னுட்டு திரும்பப் பூண்டை எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமையும் நாங்க விடலை.

செப்டம்பர்ல போட்டி அறிவிச்சாங்க. 'நான் அருவி தைலத்தையே விரும்புகிறேன், ஏனென்றால்...' அதுக்கு மேல நாம எழுதி முடிக்கணும். பத்திரிகையில வந்த கூப்பனை நிரப்பி, கூடவே மூணு தைலப் பெட்டியோட அட்டை மூடியைக் கிழிச்சு வச்சு பம்பாய்க்கு அனுப்பணும். முதல் பரிசு ஸ்கூட்டர், ரெண்டாவது டிரான்சிஸ்டர், ஆறுதல் பரிசு பிளாஸ்க். ஜெயிச்சவங்க ஊரையும் பேரையும் அவங்க எழுதினதையும் இந்த நிகழ்ச்சியிலேயே வாசிப்போம்னு அண்ணனே சொன்னான்.

எனக்கு ஸ்கூட்டர் எதுக்கு? எனக்கு அண்ணன் வாயால ஒரே ஒரு தடவை தாம்பரம், சாராள் தேவானந்தம்னு என் பேரு வரணும். நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், உன்னை விட்டுடலைன்னு அவனுக்குத் தெரியணும். அது தெரியாமதான் அவன் வராம இருக்கான்னு எனக்குத் தோணுச்சு. ஆமென்னை மீறாம அவனுக்குச் சேதி போக வேற வழி எனக்குத் தெரியலை. கம்பெனிக்கு எழுதறது அண்ணனுக்கு எழுதறது ஆகுமா? ஆகாதுன்னு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். இருந்தாலும் மனசு கேக்காம அம்மாகிட்ட கேட்டேன். அம்மா, எத்தனை அட்டை வேணும்னு கேட்டாங்க.

அப்புறம் பாக்கணும் எங்க கூத்தை. மாதர் சங்கத்துல யாருக்குத் தலை வலிச்சாலும் அம்மா அருவி தைலம்தான் சிபாரிசு பண்ணாங்க. ஜெபக் கூட்டத்துல முன்வரிசை முழுக்க அந்த வாசனைதான். அமலராணி அவங்க வீட்டுல இருந்து அட்டை கொண்டாந்தா, அதுக்குப் பதிலா அவ பாட்டனி படமெல்லாம் நான் வரைஞ்சு தொலைச்சேன். சேட்டு டீக்கடைக்கு வர்ற லாரிக்காரங்ககிட்டல்லாம் கேட்டு வாங்கிக் கொடுத்தாரு. இன்னாம்மா, உங்க வூட்ல அல்லாருக்குமா மண்டையிடின்னு ஒரு நாள் கேட்டுட்டு, அவரே சிரிச்சுக்கிட்டாரு. வீட்டுல நடமாடற இந்த வாசனை என்னன்னு அப்பா ஒரு தடவை கேட்டாரு. தனக்குத் தலைவலின்னு அம்மா சொன்னாங்க. அது பொய்யும் இல்லை.

ஒரு பேருக்கு ஒரு கூப்பன்தான். என் பேர்ல ஒண்ணு எழுதினேன்: ஏனென்றால், பரீட்சை நேரத்தில் அது எனக்கு அண்ணன் மாதிரி. எழுதிட்டு எனக்கே கண்ணு நிறைஞ்சுது, நிச்சயம் இதுதான் ஜெயிக்கும்னு நினைச்சேன். அம்மா பேர்ல அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்: ஏனென்றால், பிள்ளைகளை வளர்த்த தலைக்கு வேறு மருந்து கிடையாது. அமலராணி பேர்ல ஒண்ணு, சேட்டு பேர்ல ஒண்ணு. அவ்வளவையும் அனுப்பின பிறகு ஒரு கூப்பனும் மூணு அட்டையும் மிச்சம் இருந்துச்சு.

கடைசி தேதிக்கு முன்னாடி நாள் சாயங்காலம், அப்பா பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு. பாதிப் பக்கத்துக்கு ஏதோ ஒரு டானிக் விளம்பரம். அப்பா பேப்பரை மடிச்சுப் போட்டுட்டு, இதை வாங்கறவன் முட்டாள், எழுதறவன் திருடன், இதுக்கு வாயை வாடகைக்கு விடறவன் ரெண்டு பேரையும் விடக் கேவலம்னாரு. யாரையும் பார்த்துச் சொல்லலை. அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. பெத்த பிள்ளையை எப்படி ஒரு மனுஷன் இப்படிச் சொல்ல முடியும்? மிச்சமிருந்த கூப்பனை எடுத்தேன். பேரு: எஸ். தேவானந்தம், தாம்பரம். அதுக்குக் கீழ, 'ஏனென்றால், அதைப் பற்றிப் பேசுகிறவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை'ன்னு எழுதினேன். பரிசுக்காக எழுதலை. அவரு வாயில இருந்து என்ன வரணும்னு மூணு வருஷமா நான் ஏங்கிக் கிடந்தேனோ, அதை அவரு பேரைப் போட்டு எழுதி, கோவத்தோட ஒட்டி, மறுநாள் போற வழியில தபால்ல போட்டேன்.

நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை முடிவு. மழை பெய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு, இருந்தாலும் அப்பா செம்பாக்கம் போயிட்டாரு. அம்மாவும் நானும் ரேடியோவுக்குக் கிட்ட உக்காந்தோம். முதல் பரிசு கோயமுத்தூர். ரெண்டாவது யாழ்ப்பாணம். அப்புறம் ஆறுதல் பரிசுகள். மதுரை, கும்பகோணம், அப்புறம் அண்ணன் "தாம்பரம்"னான். அம்மா என் கையைப் பிடிச்சாங்க.

"எஸ். தேவானந்தம்"னான்.

அப்புறம் நான் கோவத்துல எழுதின அந்த வாக்கியத்தை, ஒரு எழுத்து விடாம, மத்தவங்களோடதை எப்படி வாசிச்சானோ அதே மாதிரி வாசிச்சான். அடுத்தது திருச்சின்னான். அவ்வளவுதான். ஒரு நிறுத்தம் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அம்மா என்னடி பண்ணினேன்னு கேட்டாங்க. பெத்த அப்பா பேரை எவனோ பக்கத்துத் தெருக்காரன் பேர் மாதிரி வாசிச்சிட்டுப் போறானே, மறந்துட்டானே எங்களைன்னு எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அம்மா என்னைத் தேத்தலை. அவங்களுக்கும் அதேதான் தோணியிருக்கணும்.

அப்பா திரும்பி வர்ற வழியில, ஸ்டேஷன்கிட்ட சேட்டு அவரு சைக்கிளை மறிச்சு நிறுத்தி, சார், உங்க பேரு ரேடியோல வந்துச்சு, தைலத்துக்கு பிரைஸ் அட்ச்சுட்டீங்கன்னு கையைக் குலுக்கியிருக்காரு. நல்ல மனசுலதான் செஞ்சாரு. அப்பா நனைஞ்ச சட்டையோட வீட்டுக்குள்ள வந்தாரு. என் மூஞ்சியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிடுச்சு. நான் என்ன எழுதினதா நீ எழுதினேன்னு கேட்டாரு. கிளாஸ்ல ஒப்பிக்கற மாதிரி எழுந்து நின்னு சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாரு. சொன்னேன்.

துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாரு. அப்புறம், அது நான் எழுதினது இல்லைன்னு கம்பெனிக்கு நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன், பரிசும் அனுப்ப வேணாம்னு சேர்த்து எழுதுன்னாரு.

"எழுதினா அண்ணனுக்குத் தெரிஞ்சுடும்பா, அது நீங்க இல்லைன்னு."

அண்ணன்ங்கற வார்த்தை அந்த வீட்டுல மூணு வருஷத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவருக்கு முன்னால வந்துச்சு. அப்பா துண்டைக் கொடியில போட்டுட்டு, தெரியட்டும், அதுதானே உண்மைன்னாரு.

அந்த வாரம் பூரா நான் இழுத்தடிச்சேன். ஒரு நாள் பிராக்டிகல்னேன், ஒரு நாள் மை தீர்ந்துபோச்சுன்னேன். அப்பா கோவிக்கலை, தினமும் ஜெபம் முடிஞ்சதும் எழுதிட்டியான்னு மட்டும் கேப்பாரு. கடைசியில வெள்ளிக்கிழமை எழுதியே ஆகவேண்டியதாச்சு. அவரு படிச்சுப் பார்த்து, ரெண்டு இடத்துல திருத்தி, கையெழுத்துப் போட்டு, உறையில வச்சு ஒட்டி, முன்னறை மேஜை மேல வச்சாரு. காலையில பெட்டியில போட்டுடுன்னாரு. எனக்கு அந்த உறையைப் பார்க்கவே முடியலை. அண்ணன் எங்களை மறந்துட்டானோ இல்லையோ, அந்த உறை போய்ச் சேர்ந்தா இனிமே நினைக்கவும் மாட்டான்னு தெரியும்.

சனிக்கிழமை காலையில, நான் அதை எடுக்கறதுக்கு முன்னாடி வாசல் கேட்டு திறக்கற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் நின்னுக்கிட்டிருந்தான். ஒரு கையில பெட்டி, ஒரு கையில அட்டைப் பெட்டிக்குள்ள பிளாஸ்க். நிஜமாவே இளைச்சுதான் இருந்தான். அம்மா சமையல்கட்டு வாசப்படியைத் தாண்டி வரலை, நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. அப்பா நாற்காலியில இருந்து எழுந்துட்டாரு.

அண்ணன் உள்ள வரலை. வாசல்ல நின்னுக்கிட்டே பேசினான், அதுவும் தட்டுத் தடுமாறி. ரேடியோவுல பேசறவனா இவன்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. பரிசை நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்னு கம்பெனியில கெஞ்சி லீவு வாங்கினானாம். நிகழ்ச்சியெல்லாம் பம்பாய்லயே முன்கூட்டிப் பதிவு பண்ணி கொழும்புக்கு அனுப்பறதாம். ஜெயிச்சவங்க பேரு டைப் அடிச்ச தாளை அவன் முன்னால வச்சப்போ, தாம்பரம் வரைக்கும் வாசிச்சிட்டானாம். அடுத்தது வாயில வரலையாம். திரும்பத் திரும்ப எடுத்தாங்களாம், ஒவ்வொரு தடவையும் அந்தப் பேர்ல வந்து குரல் உடைஞ்சு போச்சாம். ரெக்கார்டிங் பண்றவர் திட்டினாராம். கடைசியில, இது என் அப்பா இல்லை, யாரோ, யாரோன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வாசிச்சு முடிச்சானாம்.

அப்புறம் அப்பாவை நேரா பார்த்துக் கேட்டான்.

"பேசறவன் பொய் சொல்றதா தோணலைன்னு எழுதியிருந்தீங்க. நிஜமாவே நீங்க எழுதினதாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தாரு. மேஜை மேல இருந்த உறையைப் பார்த்தாரு. இவரு உண்மையைத்தான் சொல்லுவாரு, வேற எதுவும் சொல்லத் தெரியாது, அண்ணன் அந்த பிளாஸ்க்கை வச்சுட்டு அடுத்த ட்ரெயினுக்குப் போயிடுவான்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

"நான்தான் எழுதினேன்"னாரு அப்பா.

சொல்லிட்டு, அந்த உறையை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. உள்ள வா, ஏன் வாசல்லயே நிக்கறேன்னாரு.

மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். அம்மா முட்டைக் குழம்பு வச்சிருந்தாங்க. அண்ணன் கொஞ்சம் கொஞ்சமா பழைய அண்ணனா ஆகிக்கிட்டிருந்தான். பம்பாய்ல மழையைப் பத்தி, அவன் ரூம்ல இருக்கற ஆட்களைப் பத்தி, அந்த மூக்கடைச்ச பொண்ணு நிஜத்துல நாப்பது வயசுக்காரம்மான்னு எல்லாம் சொன்னான். நடுநடுவுல அந்த வாக்கியத்துக்குத்தான் திரும்பி வந்தான். அதை ஒரு தாள்ல எழுதிப் பர்சுக்குள்ள வச்சிருக்கேன்ப்பா, மனசு சரியில்லாதப்போ எடுத்துப் படிப்பேன்னான். அப்பா, ம்ம்னு மட்டும் சொல்லிட்டு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தாரு.

அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"அப்பாவே எழுதிட்டாரு. படிச்ச பொண்ணு, நீ எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா பாப்பா?"

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான், ஆனா கண்ணு சிரிக்கலை. அப்பாவோட கை தட்டுல நின்னுடுச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், அண்ணனுக்கு எல்லாம் விளங்கிடும். அவன் பர்சுக்குள்ள இருக்கறது நான் எழுதினது. மூணு வருஷத்துல நான் அவனுக்குச் சொல்ல முடிஞ்சது அது ஒண்ணுதான், அதுவும் இனிமே என்னுது இல்லை.

"எனக்கு எங்கேண்ணா தலைவலி வருது, தைலத்தைப் பத்தி எழுதறதுக்கு?"ன்னேன்.

அண்ணன் வாய்விட்டுச் சிரிச்சான். அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால தாங்க முடியலை. குழம்பு கொண்டாரேன்னு சொல்லிட்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்துல நின்னு சத்தம் வராம அழுதேன்.